கொலை செய்தவன் ஒருவன், பழி ஒரு செடிக்கு

அப்சிந்த் என்பது ஒரு கசப்புச் செடியைப் போட்டு வடிக்கும் மது. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அதைக் குடித்தால் பைத்தியம் பிடிக்குமாமே" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். நூறு வருடத்துக்கு முந்தைய அந்தப் பழி இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

1905 ஆகஸ்டில், சுவிட்சர்லாந்தின் கொமுன்யீ கிராமத்தில் ழான் லான்ஃப்ரே என்ற கூலித் தொழிலாளி, கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் குடித்தது லிட்டர் கணக்கில் வைன், கூடவே பிராந்தி. அப்சிந்த் இரண்டே கிளாஸ். ஆனால் ஊர் கைகாட்டியது அந்த இரண்டு கிளாஸை. 1908இல் மக்கள் வாக்கெடுப்பு, 1910 அக்டோபர் முதல் தடை. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த நாட்டில் வைனைத் தொட யாருக்கு மனம் வரும்? மாட்டிக்கொண்டது அப்சிந்த் காய்ச்சிய வால் த டிராவேர் பள்ளத்தாக்கு.

அப்படி என்னதான் போட்டுக் காய்ச்சினார்கள்? நம் மாசிப்பத்திரிக்கு உறவான ஒரு கசப்புச் செடி, நாம் சோம்பு என்கிற பெருஞ்சீரகம், அதே வாசனை கொண்ட அனிஸ் விதை. மூன்றையும் சாராயத்தில் ஊறப்போட்டுச் செப்புப் பானையில் வடிப்பார்கள். சோம்பின் வாசனை எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால்தான் குளிர்ந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் கிளாஸ் பால் போல வெளுக்கிறது. மந்திரமும் இல்லை, விஷமும் இல்லை. அளவு மீறினால் எல்லா மதுவும் செய்கிற கெடுதலை இதுவும் செய்யும், அவ்வளவுதான்.

தடைக்குப் பிறகும் அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் கைவிடவில்லை. வீட்டுக்குள் ஒளித்துக் காய்ச்சினார்கள். வடித்த பிறகு இன்னும் சில மூலிகைகளை ஊறப்போட்டால்தான் பச்சை நிறம் வரும். அதை விட்டுவிட்டு நிறமில்லாமல் இறக்கினார்கள். பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். 'லா பிளூ' என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர். அபராதம் கட்டிக்கொண்டும் கைப்பக்குவத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். 2005 மார்ச் 1 அன்று தடை நீங்கியபோது சின்னச் சின்ன வடிசாலைகள் உடனே எழுந்ததற்கு அந்தக் கைகள்தான் காரணம்.

அப்புறம் பெயர்ச் சண்டை வந்தது. 'அப்சிந்த்', 'லா பிளூ' ஆகிய பெயர்கள் தங்களுக்கு மட்டுமே என்று பள்ளத்தாக்கு கேட்டது. 2014இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 'அப்சிந்த்' விஷயத்தில் தீர்ப்பு நியாயம். எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்சின் பொந்தார்லியேயும் அதற்குப் பேர்போன ஊர்தான். ஆனால் 'லா பிளூ' பயந்து பயந்து ஒளித்துக் காய்ச்சியவர்கள் வைத்த பெயர். அதையாவது அவர்களுக்கே விட்டிருக்க வேண்டும்.