ரெண்டு பேருமே புள்ளைகதான்

பஸ் ஸ்டாண்ட் வீடியோவ இன்னும் ஃபார்வர்ட் பண்ணிட்டு இருக்கீங்க. நேத்து ராத்திரி எங்க தெரு குரூப்லயும் வந்துச்சு, கீழ சிரிக்கிற பொம்மை வரிசையா. கம்பம், கூடலூர் பக்கம் இருக்கவங்களுக்கு யாருன்னு தெரியும், பேர நான் எழுதல. பத்தாவது படிக்கிற ரெண்டு புள்ளைக சேந்து ஒரு போட்டோ எடுத்துக்கிச்சுக, அவ்வளவுதான். அதுக்கு அந்தப் பையன பஸ் ஸ்டாண்ட்ல நாலு பேர் பாக்க அவன் அப்பாவே பெல்ட்டால அடிச்சாரு, அதான் அந்த வீடியோ. அந்தப் பொண்ண ஸ்கூல விட்டு நிப்பாட்டி அம்மாச்சி ஊருக்கு அனுப்பிட்டாக. பெரியவங்க கூடிப் பேசி முடிவெடுத்தது என்னன்னா, ஸ்கூல்ல பொம்பளப்புள்ளைகளுக்குத் தனிப் படிக்கட்டு!

அந்த ரெண்டு பேர்ட்டயும் பக்கத்துல உக்காந்து "என்னப்பா நடந்துச்சு"ன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?

இதப் பத்தி நான் போட்ட போன பதிவுக்குக் கீழ, "பொட்டப்புள்ள பெத்தவனுக்குத்தான் பயம் தெரியும்"னு ஒரு அண்ணன் எழுதியிருந்தாரு. எனக்கும் பொண்ணுதான் அண்ணே, அந்தப் பயம் எனக்கும் இருக்கு. ஆனா பத்தாவதோட நிப்பாட்டுனா அவளுக்கு என்ன மிச்சம்? கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு காலேஜ் போற புள்ளைக்கு 2022ல இருந்து புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வருது, பையங்களுக்கு 2024ல தமிழ்ப்புதல்வன் வந்துச்சு. காலேஜ் வாசல மிதிச்சாத்தானே அந்தக் காசு?

"நம்ம ஊரயும் கேரளா ஆக்கப் பாக்குறியா"ன்னு இன்னொருத்தர். விடியக்காலம் ஜீப்புல நெருக்கியடிச்சு குமுளி ஏறி ஏலத்தோட்டத்துல காய் எடுக்கப் போறது யாரு, நம்ம வீட்டுப் பொம்பளைகதானே? கூலி மட்டும் அங்கிருந்து வரலாம், நல்ல பேச்சு வரக்கூடாதா? ஆணும் பொண்ணும் சேந்து படிக்கிற ஸ்கூல்தான் இருக்கணும்னு 2022ல அங்க குழந்தைகள் உரிமை கமிஷனே உத்தரவு போட்டுச்சு. உடனே எல்லா இடத்துலயும் மாறிடல, சரி, ஆனா நம்மாளுக படிக்கட்டயே பிரிக்கிறாங்க.

அந்தப் பையனப் பத்தி யாருமே பேசல, அதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது. "ஆம்பளப்பய தாங்குவான்"னு விட்டுட்டீங்க. 2007ல மத்திய அரசு எடுத்த ஆய்வுல பாலியல் தொல்லைக்கு ஆளான புள்ளைகள்ல பாதிக்கு மேல பையங்க, கிட்டத்தட்ட 53 சதவீதம். பாலியல் குற்றத்துல இருந்து புள்ளைகளக் காக்க 2012ல வந்த போக்சோ சட்டமும் ரெண்டு பேருக்கும்தான். சட்டம் இருந்து என்ன, வாயத் தொறந்தா "பொட்டச்சி மாதிரி அழுவாத"ன்னு சொல்ற வீட்டுல அவன் யார்ட்ட போய்ச் சொல்லுவான்?

எங்க அண்ணன் ஒம்பதாவது படிக்கும்போது ஒரு வாத்தியார் கிளாஸ்ல வச்சு அடிச்சுட்டாரு. வீட்டுக்கு வந்து வாயே தொறக்கல. கொல்லையில தொவைக்கிற கல்லுகிட்ட குழாய முழுசாத் தொறந்துவிட்டு, ஒரே சட்டைய திரும்பத் திரும்பத் தொவைச்சுக்கிட்டே இருந்தான். தண்ணிச் சத்தத்துல அழுகை கேக்காதுல்ல. நான் பாத்துட்டேன். அவன் "உள்ள போ"ன்னு கத்துனான். அதுக்கப்புறம் அவன் வீட்ல யார்கிட்டயும் மனசு விட்டுப் பேசி நான் பாத்ததில்ல, கல்யாணம் ஆகி புள்ள பெத்த பிறகும். என்னைய வயசுக்கு வந்தவுடனே லைப்ரரிக்குப் போகக்கூடாதுன்னு நிப்பாட்டுனாக, நான் சண்ட போட்டேன், அழுதேன், கடைசில விட்டாக. அவனுக்கு அழுகுற உரிமைகூட இல்ல. அப்ப பொண்ணுக்குச் சமம் கேக்குறவ பையனப் பத்தி ஏன் பேசுறன்னு கேட்டா, இதனாலதான்.

"உனக்குப் பையன் இல்ல, அதான் பேசுற"ன்னு போன பதிவுல ஒரு அக்கா எழுதினாங்க. எங்க சொந்தக்காரவங்கதான், விசேஷத்துல பக்கத்துல உக்காந்து சாப்புடுறவங்க. பதில் எழுத எனக்குக் கை வரல. பையன் இல்லாதவ ஒரு பையனுக்காகக் கவலப்படக் கூடாதா அக்கா?

வீடியோ வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு அழிச்சிருங்க. திங்கக்கிழமை ஹெட்மாஸ்டர் சாரப் பாத்து அந்தப் புள்ளைய திரும்பக் கிளாஸ்ல உக்கார வைக்கச் சொல்லிக் கேக்கப் போறோம், அந்தப் பையன்கிட்ட பேச ஒரு மனநல ஆலோசகர் வேணும்னும் கேப்போம். வர நினைக்கிறவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க. என்னையத் திட்டணும்னா திட்டிக்கோங்க, அந்தப் புள்ளைக பேர கமெண்ட்ல போட்டா மட்டும் பிளாக் பண்ணிருவேன், சொந்தமா இருந்தாலும்.