நம் புளோக்கின் கணக்கை நமக்குக் காட்டுங்கள்

சிங்கப்பூரில் நான் குடியிருக்கும் புளோக்கின், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின், மின்தூக்கிக்கு அருகில் கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டில், ‘கன்சர்வன்சி’ என்று நாங்கள் சொல்லும் மாதப் பராமரிப்புக் கட்டணம் உயரப்போகும் செய்தி அதில்தான் ஒட்டப்பட்டிருந்தது. மூவறை, நாலறை, ஐந்தறை என வீட்டு வகைக்கு ஒரு வரி, பழைய கட்டணம், புதிய கட்டணம், அவ்வளவுதான். எட்டாம் மாடியில் தனியாக வசிக்கும் ஓர் அம்மா, சந்தையிலிருந்து வந்த பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "கன்சர்வன்சி ஏத்துறாங்க, சரி. அந்தக் காச என்ன தம்பி பண்றாங்க?" என்று கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாதம் தவறாமல் அந்தக் கட்டணத்தைச் செலுத்திவரும் என்னால் அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான், குடியிருப்புப் பேட்டைகளைப் பராமரித்து இந்தக் கட்டணத்தை வசூலிக்கும் நகர மன்றங்களின் ஆண்டறிக்கைகளை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன்.

ஒரு காலத்தில் குடியிருப்புப் பேட்டைகள் அனைத்தையும் அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே நேரடியாகப் பராமரித்தது. 1986இல் அங் மோ கியோவில் நகர மன்றங்கள் சோதனை முறையில் தொடங்கப்பட்டன. 1988இல், தனபாலன் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தபோது, அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. பேட்டையை நடத்தும் பொறுப்பு நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும், அவர்களைத் தேர்ந்தெடுத்த குடியிருப்பாளர்கள் அதன் பலனை நேரில் உணர வேண்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கத்தை நான் முழு மனத்துடன் ஏற்கிறேன். ஆனால் பொறுப்பு கேட்க வேண்டுமானால், குடியிருப்பாளருக்கு முதலில் கணக்குப் புரிய வேண்டும்.

நாம் கட்டும் பணம் முழுவதும் கூட்டிப் பெருக்குவதற்கும், குப்பை அள்ளுவதற்கும், நடைபாதை விளக்குகளுக்கும் போய்விடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது உண்மையன்று. கட்டணத்திலும் அரசாங்க மானியத்திலும் குறைந்தது 26 விழுக்காட்டை நெடுங்காலப் பராமரிப்பு நிதிக்கும், 2017 ஏப்ரல் முதல் குறைந்தது 14 விழுக்காட்டை மின்தூக்கி மாற்று நிதிக்கும் நகர மன்றம் ஒதுக்கியாக வேண்டும். அதாவது நூறு வெள்ளியில் (டாலரில்) நாற்பது வெள்ளி இன்றைய செலவுக்கு அன்று. நாளைய சாயப்பூச்சுக்கும், கூரைக்கும், தண்ணீர்க் குழாய்க்கும், மின்தூக்கிக்கும். வெளியில் ஒருவரும் பேசாத இந்த நாற்பது வெள்ளியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

மின்தூக்கியையே எடுத்துக்கொள்வோம். பழைய புளோக்குகளில் அது எல்லா மாடிகளிலும் நிற்காது. வீட்டுக்குப் போக ஓரிரு மாடி படியேற வேண்டியிருந்தது. 2001இல் அறிவிக்கப்பட்ட மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் அந்தச் சிரமத்தைப் போக்கியது. எட்டாம் மாடி அம்மா இன்று தனியாகச் சந்தைக்குப் போய்வர முடிகிறதென்றால் அதற்கு அந்தத் திட்டமே காரணம். ஆனால் கூடுதலாகப் பொருத்திய ஒவ்வொரு மின்தூக்கிக்கும் மாதாமாதம் பராமரிப்புச் செலவு உண்டு, அதன் ஆயுள் முடியும்போது மாற்றும் செலவும் உண்டு. அன்று எடுத்த நல்ல முடிவின் செலவு இன்றும் வந்துகொண்டிருக்கிறது, இனியும் வரும்.

சேமித்த பணத்துக்கும் ஆபத்து உண்டு என்பதை 2008இல் பார்த்தோம். லீமன் பிரதர்ஸ் வங்கி சரிந்தபோது, அந்தச் சரிவில் அடிபட்ட முதலீட்டுத் திட்டங்களில் ஹாலந்து - புக்கிட் பாஞ்சாங் நகர மன்றம் 8 மில்லியன் வெள்ளியும், பாசிர் ரிஸ் - பொங்கோல் நகர மன்றம் 4 மில்லியன் வெள்ளியும் போட்டிருந்தது தெரியவந்தது. மொத்த நிதியோடு ஒப்பிட்டால் அது சிறு பங்குதான். இருந்தாலும் தங்கள் பணம் அங்கே இருந்ததைக் குடியிருப்பாளர்கள் செய்தித்தாளைப் பார்த்துத்தான் அறிந்தார்கள் என்பது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. 2010 முதல் தேசிய வளர்ச்சி அமைச்சு வெளியிட்டுவரும் நகர மன்ற நிர்வாக அறிக்கை, தூய்மை, பராமரிப்பு, மின்தூக்கிச் செயல்பாடு, கட்டண நிலுவை, நிர்வாகம் ஆகியவற்றைத் தரம்பிரித்துக் காட்டுகிறது. பயனுள்ள அறிக்கைதான். ஆனால் அது ஒவ்வொரு நகர மன்றத்தின் பகுதி முழுமைக்கும் உரியது. என் புளோக்கைப் பற்றி அதில் ஒன்றும் தெரியாது.

கட்டண உயர்வை நான் எதிர்க்கவில்லை. துப்புரவு ஊழியர்களுக்குப் படிப்படியான சம்பள உயர்வு முறை வந்தது நியாயமானது. அதிகாலையில் எங்கள் நடைபாதையைக் கழுவும் பெண்மணிக்கு அது சேர வேண்டும். மின்சாரச் செலவும் ஏறியிருக்கிறது. பல ஆண்டுகள் கட்டணத்தை அசைக்காமல் வைத்திருந்து, பிறகு 2017, 2018 என்றும், 2023, 2024 என்றும் அடுத்தடுத்து ஏற்றுவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏற்ற வேண்டிய ஆண்டில் ஏற்றாமல் விட்டால் அந்தச் சுமை பின்னால் குடிவரும் இளம் குடும்பங்களின் தலையில் விழுகிறது. ஓரறை, ஈரறை வீடுகளுக்கு ஆண்டுக்கு மூன்றரை மாதக் கட்டணம் வரை அரசாங்கம் தள்ளுபடி தருவது பேருதவி. எனினும் தள்ளுபடி வரும் மாதங்களில் கட்டணம் ஏறியதே பலர் கண்ணில் படுவதில்லை.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். எங்கள் புளோக்குக்குக் கடைசியாக எந்த ஆண்டு சாயம் பூசப்பட்டது, கூரை எப்போது பழுதுபார்க்கப்படும், மின்தூக்கியின் வயது என்ன, அதை எந்த ஆண்டில் மாற்ற உத்தேசம், அதற்கு எவ்வளவு தேவைப்படும் என்று நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் எழுதி அதே பலகையில் ஒட்ட வேண்டும். அதையும் கட்டணத்தை உயர்த்திய பிறகு ஒட்டாமல், உயர்த்துவதற்கு ஆறு மாதம் முன்பே ஒட்ட வேண்டும். இந்த விவரங்கள் நகர மன்ற அலுவலகத்தில் ஏற்கெனவே இருப்பவைதாம்.

போன வாரம் அந்த அம்மாவிடம் நாற்பது வெள்ளிக் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம லிஃப்ட எப்பத் தம்பி மாத்துவாங்க?" என்றார். அந்தக் கேள்வியைக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் குடியிருப்பாளர்களைச் சந்திக்கும் அடுத்த மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு அவரும் என்னுடன் வருகிறார்.