ஏப்ரலில் கூடுகிறோம், மே மாதம் நூலகத்தின் தமிழ் அலமாரிக்கு யார் போகிறார்கள்?

சிங்கப்பூரின் தமிழ் மொழி விழா முடிந்துவிட்டது. இந்த ஏப்ரலிலும் நூலகங்களில் நடந்த நிகழ்ச்சிகளுக்கு முடிந்தவரை போனேன். உரை, நூல் வெளியீடு, கதை நேரம், கவிதை வாசிப்பு, எழுத்தாளரோடு சந்திப்பு என்று வார இறுதி முழுக்க ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது. சில கூட்டங்களில் உட்கார இடமில்லை, பின்னால் நின்றுதான் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது. ஆனால் மாதம் முழுக்க மனத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை இப்போதே எழுதிவிட வேண்டும், ஜூன் விடுமுறை வந்தால் எல்லாரும் மறந்துவிடுவோம். நூலகத்தில் நடக்கும் தமிழ் நிகழ்ச்சிக்கு வந்தவர் வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு தமிழ்ப் புத்தகத்தோடு போக வேண்டும். அதற்கு வழி செய்யாத நிகழ்ச்சியைச் சமூக மன்றத்தில் நடத்தலாம், கோயில் மண்டபத்தில் நடத்தலாம். நூலகத்தில் நடத்துவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விழாவுக்காக உழைப்பவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. விழாவை ஒருங்கிணைக்கும் வளர்தமிழ் இயக்கம் 2000இல் தொடங்கியது. ஏப்ரலில் நடக்கும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றை எடுத்து நடத்துவது சின்னச் சின்ன அமைப்புகளும் தொண்டூழியர்களும்தான். பகலில் வேலை பார்த்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் நிகழ்ச்சி நிரல் திருத்துகிற மனிதர்கள். அவர்கள் இல்லையென்றால் ஏப்ரலே இல்லை.

சரி, ஒரு வழக்கமான நிகழ்ச்சி எப்படிப் போகிறது? இரண்டு மணி நேரத்துக்கு அறை கிடைக்கிறது. தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, அமைப்பின் தலைவர் உரை, சிறப்பு விருந்தினர் வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, அதற்கெல்லாம் படம். பேச வந்தவர் மைக்கைப் பிடிக்கும்போது கிட்டத்தட்ட பாதி நேரம் போயிருக்கும். அவர் நன்றாகப் பேசுவார், நாமும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருப்போம், அதற்குள் “நேரமின்மை காரணமாக ஒரே ஒரு கேள்வி மட்டும்” என்று அறிவிப்பு வரும். இந்த ஆண்டு ஓர் அமைப்பு நடத்திய உரையில் அந்த ஒரு கேள்வியும் இல்லாமல் போனது. முன்வரிசையில் ஓர் அம்மா குறிப்பேட்டில் கேள்வி எழுதிவைத்துக்கொண்டு கை தூக்கிக்கொண்டே இருந்தார். நன்றியுரை தொடங்கிவிட்டது. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஏனென்றால் அந்த அம்மா கேட்டிருந்தால் பேச்சாளர் இரண்டு மூன்று புத்தகங்களின் பெயரையாவது சொல்லியிருப்பார், அந்த அறையிலிருந்து நாலு பேராவது அதைத் தேடிப் போயிருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகக் கட்டடத்துக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும், 16 மாடி. கூட்டங்கள் பெரும்பாலும் 5ஆம் மாடி அறைகளிலோ உச்சியில் 16ஆம் மாடியிலோ நடக்கும். 7ஆம் மாடியிலிருந்து மேலே இருப்பது மேற்கோள் நூலகம், அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்கு எடுத்துவர முடியாது. இரவல் கொடுக்கும் மத்திய பொது நூலகம் அடித்தளத்தில் இருக்கிறது. கூட்டம் முடிந்தால் மின்தூக்கியில் தரைத்தளம், அங்கே நின்று கொஞ்ச நேரம் பேச்சு, அப்புறம் பூகிஸ் எம்ஆர்டி ரயில் நிலையம். இன்னும் ஒரு தளம் கீழே இறங்குவதற்கு யாருக்கும் தோன்றுவதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. இலக்கியத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டுப் புத்தகங்களுக்கு மேலேயே நடந்து போய்விடுகிறோம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பொது நூலகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகின்றன: யாரும் தொடாத புத்தகம் கொஞ்ச காலம் அலமாரியில் இருக்கும், பிறகு இடத்துக்காக எடுத்துவிடுவார்கள், அந்த இடத்தில் மக்கள் கேட்கிற வேறு ஏதாவது வரும். அதில் தப்பு சொல்ல முடியாது. சிங்கப்பூரில் வெளியிடப்படும் ஒவ்வொரு அச்சு நூலிலும் இரண்டு பிரதிகளைப் பதிப்பாளர் தேசிய நூலக வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் நம் எழுத்தாளர்களின் புத்தகங்கள் அழிந்துபோகாது, பத்திரமாக இருக்கும். ஆனால் பத்திரமாக இருப்பது வேறு, ஈசூன், செங்காங் போன்ற குடியிருப்பு வட்டாரத்தில் ஒரு பிள்ளை கை நீட்டி எடுக்கிற உயரத்தில் இருப்பது வேறு. இந்த இரண்டாவதற்குச் சட்டம் ஒன்றும் செய்யாது. நாம் எடுத்துப் படித்தால் இருக்கும், இல்லையென்றால் குறையும்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுகிறோம் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48.3. இந்த எண்களை வைத்துப் பயமுறுத்த நான் விரும்பவில்லை, அது ஏப்ரலில் எல்லா மேடையிலும் நடக்கிறது. நான் சொல்வது எளிமையானது. எண்ணிக்கையில் சின்னதாக இருக்கும் வாசகக் கூட்டத்தில் ஒவ்வொருவர் எடுக்கிற புத்தகமும் கணக்கில் தெரியும்.

தேசிய நூலகத்தில் தமிழ் அலமாரி எப்படி வந்தது என்ற கதையை இளையர்களிடம் நாம் சொல்வதே இல்லை. 1953இல் லீ கொங் சியான் என்ற வணிகர் புதிய நூலகத்துக்காக 375,000 வெள்ளி (டாலர்) தர முன்வந்தார். அன்றைக்கு அது மிகப் பெரிய பணம். தேசிய நூலகத்தின் முன்னோடியான ராஃபிள்ஸ் நூலகம் அப்போது சந்தா கட்டுபவர்களுக்கானதாகவும் ஆங்கிலப் புத்தகங்களுக்கானதாகவும் இருந்தது. அவர் போட்ட நிபந்தனை, புதிய நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், இங்குள்ள மக்களின் மொழிகளில் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்பது. அந்தப் பணத்தையும் சேர்த்துக் கட்டியதுதான் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1960இல் திறந்த சிவப்புச் செங்கல் கட்டடம். 2004இல் அதை மூடி, ஃபோர்ட் கேனிங் சுரங்கப்பாதைக்காக இடித்தார்கள். இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசினால் குரல் மாறுகிற அக்காக்களையும் அண்ணன்களையும் எனக்குத் தெரியும். ஒரு சீன வணிகர் போட்ட நிபந்தனையில் நம் மொழிக்கும் இடம் இருந்தது. இதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

அதே 1950களில் நம் பக்கமும் ஒன்று நடந்தது. தமிழ் முரசு பத்திரிகையை 1935இல் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கியவரும் அவர்தான், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காகவும் தமிழ் நூல்களுக்காகவும் “தமிழ் எங்கள் உயிர்” என்று ஒரு நிதி திரட்டினார். துறைமுகத்திலும் தோட்டத்திலும் உழைத்தவர்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு அந்தப் பல்கலைக்கழக வாசலில் கால் வைக்கும் வாய்ப்புகூட இருந்திருக்காது. தான் படிக்க முடியாத புத்தகத்துக்குக் காசு கொடுத்த தலைமுறை அது. நமக்கோ ஒரு வெள்ளிகூடக் கேட்காமல், வீட்டுக்குப் பக்கத்திலேயே, குளிர்சாதன வசதியோடு, 21 நாள் வைத்துக்கொள் என்று தருகிறார்கள்.

நன்றாக நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு வட்டார நூலகத்தில், பிள்ளைகள் பகுதியில், ஒரு சின்னக் கதை நேரம் பார்த்தேன். மேடை இல்லை, மைக் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, படப் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வாசித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தி, “அப்புறம் அந்த யானை என்ன செஞ்சிருக்கும்?” என்று கேட்டார். பிள்ளைகள் பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் பதில் சொன்னார்கள், அவர் யாரையும் திருத்தவில்லை. தமிழில் சொல்லிக் காட்டிவிட்டு அடுத்த பக்கம் போனார். முடிந்ததும் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி நிறையத் தமிழ்ப் படப் புத்தகங்கள். நூலகர் முன்னாடியே எடுத்து அடுக்கி வைத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் வண்டியில் பாதி காலி. சீருடையோடு வந்திருந்த ஒரு தொடக்கநிலை இரண்டு பையன் மூன்று புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இரவல் இயந்திரத்துக்கு ஓடினான். அந்த நிகழ்ச்சியைப் பற்றி எங்கேயும் செய்தி வரவில்லை. இந்த மாதத்தில் நான் பார்த்ததிலேயே சிறந்த நிகழ்ச்சி அதுதான்.

அந்தத் தள்ளுவண்டியைத்தான் நான் எல்லா நிகழ்ச்சியிலும் கேட்கிறேன். பேச்சாளரிடம் ஒரு மாதம் முன்பே, நீங்கள் பேசப்போகும் விஷயத்துக்கு நூலகத்தில் இருக்கும் நூல்களில் ஒரு பத்து சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டால் போதும். நூலகர்கள் உதவத் தயாராகவே இருக்கிறார்கள், நாம் கேட்பதில்லை. மற்ற கிளைகளில் இருப்பதை வரவழைக்கவும் அவகாசம் கிடைக்கும். கூட்டம் முடிந்ததும் கதவுக்கு வெளியே அந்தப் பத்தும் இருக்கட்டும். வாழ்த்துரைகளை ஒன்றாகக் குறைத்து, அந்த நேரத்தைக் கேள்விகளுக்குக் கொடுக்கட்டும், குறைந்தது அரை மணி நேரம். பொன்னாடைக்குப் பதிலாகப் பேச்சாளருக்கு ஓர் உள்ளூர் எழுத்தாளரின் புத்தகத்தைக் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

போட்டிகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து மழலைக் குரலில் பேசும்போது கேட்க இனிமையாக இருக்கிறது, பெற்றோருக்குப் பெருமை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவோ துணைப்பாட ஆசிரியரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டுக் கோப்பையோடு வீட்டுக்குப் போகிற பிள்ளைக்குப் புத்தகத்தோடு எந்த உறவும் ஏற்படவில்லை. நூலகத்தில் நடக்கிற போட்டி என்றால் நூலகத்தில் எடுத்த கதையைத் தன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும், தடுமாறட்டும், அந்தத் தடுமாற்றத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

பெற்றோரிடம் ஒன்று. எனக்கே தமிழ் சரளமாக வாசிக்க வராது, பிள்ளைக்கு எப்படி வாசித்துக்காட்டுவது என்று பலர் சொல்லிக் கேட்கிறேன். மெதுவாக வாசியுங்கள், எழுத்துக்கூட்டி வாசியுங்கள், ஒன்றும் ஆகாது. ஐந்து வயதுப் பிள்ளை உங்கள் உச்சரிப்புக்குத் தேர்வு வைப்பதில்லை, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்கிறது.

இன்னும் ஒரு கூட்டத்தை நாம் கண்ணில் வைத்துக்கொள்வதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், நிற்க இடமில்லாமல் இருக்கிறதே, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கை என்று ஊர் ஊராக வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகள், அவர்கள் தமிழில் வாழ்கிறவர்கள், தமிழில் வாசிக்கிறவர்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி 2014இல் தொடங்கியது, அதில் தமிழில் எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நம் நிகழ்ச்சிகள் நிறைய சனிக்கிழமை மதியம், அவர்களில் பலருக்கு அது வேலை நேரம். இந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து, கதையில் வரும் ஊர் பெயரையே ஏன் மாற்றினீர்கள் என்று எழுத்தாளரிடம் கேட்டார். அதற்குப் பிறகுதான் அந்தக் கூட்டத்துக்கு உயிர் வந்தது. பேச்சாளரும் நிமிர்ந்து உட்கார்ந்து பத்து நிமிடம் பதில் சொன்னார். அவரைப் போன்றவர்களுக்கு அழைப்பு போகிறதா? தேக்காவின் கடைகளில், தங்கும் விடுதிகளில் நம் சுவரொட்டி ஒட்டப்படுகிறதா?

கூட்டத்தின் தலை எண்ணிக்கையும் படங்களும் காட்டினால்தான் அடுத்த முறை ஆதரவு கிடைக்கும் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. அது உண்மையும்கூட. அதோடு இன்னொரு எண்ணையும் சேர்த்துக் காட்டலாமே, அன்றைக்கு அந்த நிகழ்ச்சியிலிருந்து எத்தனை புத்தகங்கள் இரவல் போயின என்று. இருபது பேர் வந்து பதினைந்து புத்தகம் போன நிகழ்ச்சியை இருநூறு பேர் வந்து ஒன்றும் போகாத நிகழ்ச்சிக்கு மேலே வைக்க நமக்குத் துணிவு வேண்டும்.

அலமாரி என்று நான் சொல்வதில் திரையும் அடக்கம். 2015இல், நாட்டின் பொன்விழா ஆண்டில், 1965க்குப் பிறகான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் தந்தது தமிழ் மின்மரபுடைமைத் திட்டம். தமிழ் முரசின் பழைய இதழ்களும் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் இருக்கின்றன. 1887இல் இங்கே வெளிவந்த சிங்கை நேசன் வார இதழையும் பார்க்கலாம். இதை வைத்து ஒரு மதியம் நடத்துங்களேன். தாத்தா பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே கணினி முன்னால் உட்கார்ந்து, தாத்தா பிறந்த அன்றைக்கு முரசில் என்ன செய்தி வந்தது, எந்தப் படம் ஓடியது, அரிசி என்ன விலை என்று தேடட்டும். பேச்சாளரே தேவையில்லை.

ஏப்ரல் அல்லாத மாதங்களுக்கும் முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. வாசகர் வட்டம் 1988இல் தொடங்கியது. அங் மோ கியோ நூலகத்தில் மாதந்தோறும் கூடி, ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேசுவது அவர்கள் வழக்கம். பெரிய கூட்டம் கிடையாது, வெளிச்சம் கிடையாது, ஆனால் வருகிறவர்கள் படித்துவிட்டு வருகிறார்கள். இப்படி ஒன்று ஜூரோங்கில், உட்லண்ட்ஸில், பொங்கோலில் ஏன் இருக்கக் கூடாது? ஐந்து பேர் போதும். விழாக் குழுக்கள் ஒவ்வொன்றும் ஏப்ரலில் ஒரு பெரிய நிகழ்ச்சியோடு நிறுத்தாமல், ஒரு வட்டார நூலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே மாதம் ஒரு மணி நேரம் தொடர்ந்து வந்தால் போதும். மூன்றாவது மாதம் அங்குள்ள நூலகருக்கு நம் முகம் தெரியும், என்ன புத்தகம் வேண்டும் என்று அவரே கேட்பார்.

நான் வடக்குப் பக்கம் இருக்கிறேன். ஜூனிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு காலை, பிள்ளைகளுக்குத் தமிழில் படப் புத்தகம் வாசித்துக்காட்ட வரத் தயாராக இருப்பவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை, பேச்சாளராக இருக்கவே வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்ததும் நூலகரைப் போய்ப் பார்க்கலாம், தள்ளுவண்டியையும் அப்போதே கேட்டுவிடலாம்.