இணை சேர்க்கும் முன் தீவனத்தைக் குறைக்காதீர்கள்

“கொழுப்பு ஏறினால் சினைப்பை அடைத்துக்கொள்ளும், அதனால் இணை சேர்க்க இரண்டு வாரம் இருக்கும்போதே பெண் பன்றிக்குத் தீவனத்தைப் பாதியாக்குங்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பித் தீவனத்தில் கை வைக்காதீர்கள்.

அந்த இரண்டு வாரத்தில்தான் சினைப்பையில் முட்டைகள் முதிர்கின்றன. வயிறு காய்ந்தால் இரத்தத்தில் இன்சுலினும், வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனும் இறங்கும். மூளையடிச் சுரப்பியிலிருந்து விட்டுவிட்டுத் துடிப்பாக வந்து முட்டைகளை முதிரவைத்து வெளிவரச் செய்யவேண்டிய எல்.எச். ஹார்மோன் தளரும். வெளிவரும் முட்டைகள் குறையும், குட்டிகளும் குறையும். இளம் பன்றி என்றால் இணை சேரத் தயாராகும் முதல் பருவமே தள்ளிப்போகும்.

அதிகம் அடிபடுவது முதல் ஈற்றுத் தாய்ப்பன்றிதான். பால் கொடுத்தே இளைத்து, தடவினால் முதுகெலும்பு கையில் இடிக்கும். நன்றாகத் தின்ற தாய், குட்டிகளைப் பிரித்த 4 முதல் 7 நாளில் பருவத்துக்கு வந்துவிடும், இளைத்தது இழுத்தடிக்கும். அதற்கும் தீவனத்தை வெட்டுவது கொடுமை.

அளவுக்கு மீறிக் கொழுப்பதும் கெடுதல்தான், சரி. அதை வளரும் மாதங்களிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அளவாகத் தின்று வளர்ந்த இளம் பன்றிக்கு, இணை சேர்ப்பதற்கு முந்தைய 10-14 நாள் தீவனத்தைக் கூட்டுங்கள். பண்ணைகளில் ஃபிளஷிங் என்பது இதுதான். இணை சேர்ந்த பிறகு பழைய அளவுக்கு இறக்கிவிடலாம்.