பெற்றோரிடம் பேசியதை எழுதும் நோட்டு யாருக்காக?

ஒரு பிள்ளையின் நடத்தை பற்றிப் பெற்றோரிடம் பேசினால் அன்றைக்கே எழுதி வைத்துவிடு என்று புதிதாக வரும் ஆசிரியர்களிடம் எல்லோரும் சொல்கிறோம். ஏன் என்று கேட்டால், நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தால் அதுதான் நம்மைக் காப்பாற்றும் என்கிறோம். உண்மைதான். ஆனால் அந்தப் பயத்தில் மட்டுமே எழுதப்படும் நோட்டு கொஞ்ச நாளில் பிள்ளை மேல் போட்ட குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது, இதை என்னால் ஏற்க முடியவில்லை.

"திமிராகப் பேசினான், அம்மாவிடம் சொல்லியாச்சு" என்று எழுதினால் அதைப் படிப்பவருக்கு என்ன புரியும்? கரும்பலகைக்கு வரச் சொன்னேன், வரமாட்டேன் என்றான், மறுபடி கூப்பிட்டதும் நோட்டைத் தூக்கி எறிந்தான், வெளியே நிற்கச் சொன்னேன் என்று பார்த்ததை மட்டும் எழுதிப் பாருங்கள். சிறப்புக் கல்வியில் முன்னால் நடந்தது, நடத்தை, பின்னால் நடந்தது என்று மூன்று கட்டம் போட்டு எழுதுவார்களே, அதேதான். இப்படி நாலைந்து பதிவு சேர்ந்தால் போதும், எல்லாருக்கும் முன்னால் நிற்கத்தான் அவன் பயப்படுகிறானோ என்ற கேள்வியாவது நமக்கு வரும். "திமிர்" என்று நூறு முறை எழுதினாலும் அந்தக் கேள்வி வராது.

அப்புறம், பெற்றோர் சொன்னது எங்கே? நாம் சொன்னதை வரி வரியாக எழுதுகிறோம், "பையன் கொஞ்ச நாளாகச் சரியாகத் தூங்குவதில்லை டீச்சர்" என்று அவர் சொன்னதை விட்டுவிடுகிறோம். எனக்கு அந்த வரிதான் முக்கியம். தேதி, நேரம், யாரிடம் பேசினோம், என்ன முடிவு செய்தோம், மறுபடி எப்போது பேசுவோம், இவ்வளவு இருந்தால் போதும். போன் எடுக்கவில்லை என்றால் அதையும் குறித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில்தான் எல்லாம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், அதில் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ செய்திகள் தானாக மறையும்படி வைத்துக்கொள்ள முடியும்.

இன்னொன்று, பெற்றோர் இதைப் படிப்பார் என்று நினைத்தே எழுத வேண்டும். அமெரிக்காவில் 1974இல் வந்த சட்டப்படி, பள்ளி வைத்திருக்கும் கல்விப் பதிவுகளைப் பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம். சட்டம் இல்லாத இடத்திலும் அதுதான் நியாயம். ஒரு சண்டையைப் பற்றி எழுதினால், அதில் இருந்த இன்னொரு பிள்ளையின் பெயர் நோட்டில் வரவே கூடாது. நோட்டை ஆசிரியர் அறை மேசையில் திறந்து போட்டுவிட்டுப் போகவும் கூடாது.

நல்லது நடந்த அன்றும் போன் செய்து, அதையும் எழுதுங்கள். பள்ளியிலிருந்து போன் என்றாலே வயிற்றைக் கலக்கும் பெற்றோர் அதற்குப் பிறகுதான் மனம்விட்டுப் பேசுவார்கள்.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. புகார் வந்த பிறகு மட்டும் "பதிவு எங்கே?" என்று கேட்காதீர்கள். எழுத நேரம் கொடுங்கள். ஆண்டு முடிவில் அடுத்த வகுப்பாசிரியரிடம் அந்த நோட்டைக் கொடுக்கும்போது, பிள்ளை செய்த தப்புகளுக்கு முன்னால், எப்படிப் பேசினால் அவன் கேட்டான் என்பது முதல் பக்கத்தில் இருக்கட்டும்.