சிவப்பில் எங்கள் பள்ளியும்

நேற்று குழுவில் சுற்றிய பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளின் கற்றலை ஆசிரியரின் போனில் செயலி வழியாக அளக்கும் மதிப்பீட்டை முடிக்காத பள்ளிகளுக்குச் சிவப்பு நிறம். அதில் எங்கள் பள்ளியும் உண்டு. கீழே ஒருவர், "போனைப் பார்த்தாலே வாத்தியார்களுக்குப் பயம்" என்று எழுதிச் சிரிப்புப் பொம்மை வேறு போட்டிருக்கிறார். சரி, சிரிக்கட்டும்.

ஏன் முடிக்கவில்லை என்று எத்தனை முறை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். பிள்ளைக்கு என்ன தெரியும் என்பது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். அவள் அம்மா அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் தூற்றப் போகிறவர். "நாற்பது கிலோ மூட்டை அஞ்சு இருந்தா மொத்தம் எவ்வளவு?" என்றேன். "எரநூறு சார்" என்றாள், விரல்கூட மடக்காமல். அவளே செயலியில் இதே மாதிரிக் கணக்கைத் தப்பு செய்தாள். விரிசல் விட்ட என் போனில் விரல் வழுக்கிப் பக்கத்துக் கட்டத்தில் பட்டுவிட்டது. "ஐயோ சார், அது இல்ல" என்பதற்குள் அடுத்த கேள்வி. திரும்பிப் போக வழியில்லை. அவளுக்குப் பெருக்கல் வராது என்று பதிவாகிவிட்டது.

"அப்போ தொழில்நுட்பமே வேண்டாமா?" என்று கிளம்பி வருவீர்கள். யார் சொன்னது? பிள்ளைகள் வாசிப்பதைப் போனில் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக் காட்டுகிறவன் நான். 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததை வாய்விட்டுப் பாராட்டியவனும் நான்தான்.

மேலே இருப்பவர்களுக்குப் புள்ளிவிவரம் வேண்டுமாம். வேண்டும்தான். ஆனால் அது சரியான புள்ளிவிவரமாக இருக்க வேண்டாமா?

"தனியார் பள்ளியில் செய்கிறார்களே?" செய்யட்டும். இங்கே ஈராசிரியர் பள்ளி. அஞ்சு வகுப்புக்கும் ரெண்டே பேர். ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சிக்னல் தேடி மோட்டார் கொட்டகை வரை நான் நடந்தால், மிச்சப் பிள்ளைகளுக்கு யார் பாடம் எடுப்பது?

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம், வாங்குவதற்கான வரம்பான 17 சதவீதத்துக்கு மேல் என்று கருவி காட்டினால் நம்ம விவசாயி சும்மா விடுகிறாரா? இன்னொரு தடவை வைத்துப் பார் என்று சண்டை போடுகிறார். பிள்ளையின் அறிவை மட்டும் கருவி ஒரே தடவை சொன்னால் வாயை மூடிக்கொண்டு நம்ப வேண்டுமாம்.

2018இல் கஜா புயல் அடித்தபோது சனங்கள் வந்து தங்கியது இதே பள்ளிக்கூடத்தில்தான். சோறாக்கப் பக்கத்தில் நின்றவர்கள் நாங்கள். அப்போது யாரும் எங்களுக்குப் பச்சை நிறம் கொடுத்துப் பட்டியல் போடவில்லை. கேட்கவும் இல்லை, விடுங்கள்.

"சம்பளம் வாங்குறீங்கல்ல?" அதுதானே அடுத்தது? வாங்குகிறேன் ஐயா. அந்தப் போனே அந்தச் சம்பளத்தில் வாங்கியதுதான். ரீசார்ஜும் என் காசு. இப்போது திரை மாற்றவும் நான்தான் மன்னார்குடிக்குப் போக வேண்டும்.