பாராசிட்டமாலும் ஆட்டிசமும்: ஒரு திருத்தம்

கர்ப்பிணிகள் பாராசிட்டமால் சாப்பிட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும், இது நிரூபணமாகிவிட்டது என்று ஒரு கருத்து இருக்கிறது. அப்படி நிரூபணமாகவில்லைங்க.

சில ஆய்வுகளில் லேசான தொடர்பு தெரிந்தது உண்மைதான். ஆனால் மாத்திரை போட்டவருக்குக் காய்ச்சலோ வலியோ இருந்திருக்கும்; அந்தத் தொடர்புக்கு மாத்திரை அல்ல, அதுவே காரணமாக இருக்கலாம். மரபுவழிக் காரணமும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய, ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மொத்தமாகப் பார்த்தபோது பத்து வயதுக்குள் ஆட்டிசம் கண்டறியப்பட்டது, மாத்திரை எடுக்காத தாய்மாரின் பிள்ளைகளில் 1.33 சதவீதம், எடுத்தவர்களின் பிள்ளைகளில் 1.53. அப்புறம், மரபும் குடும்பச் சூழலும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும் என்பதால், கூடப்பிறந்தவர்களையே ஒப்பிட்டார்கள்: அண்ணன் வயிற்றில் இருந்தபோது அம்மா மாத்திரை போட்டிருக்கிறார், தங்கைக்குப் போடவில்லை என்பதுபோல. அந்தச் சின்ன வித்தியாசமும் மறைந்துவிட்டது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

நீங்களே சரிபார்க்கலாம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் (PubMed) தளத்தில் அசிட்டமினோஃபென் (பாராசிட்டமாலின் அமெரிக்கப் பெயர்), ஆட்டிசம், ஸ்வீடன் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். ஜாமா (JAMA) என்ற அமெரிக்க மருத்துவ இதழில் 2024 ஏப்ரலில் வந்த கட்டுரை அது. சுருக்கத்தைக் காசு கட்டாமல் படிக்கலாம். உடன்பிறப்பு ஒப்பீட்டில் ஆட்டிசத்துக்கு நேரே 0.98 என்று இருக்கும்; மாத்திரை எடுக்காதபோது இருக்கும் அபாயத்தோடு ஒப்பிட்டால், எடுத்தபோது அது எத்தனை மடங்கு என்பதே இந்த எண். 1 என்றால் வித்தியாசமே இல்லை என்று பொருள்.